மூன்று நாள் கழுவாத பொட்டு

பொண்ணுங்களா,

போன மாதம் என் மகன் இரண்டாவது கார் எடுக்க வந்தபோது நானும் கூட வந்திருந்தேன். வேலையை விட்டு நின்ற பிறகு ஷோரூமில் அந்த டெலிவரி இடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். நீங்கள் எல்லாரும் ஓடி வந்து நாற்காலி போட்டீர்கள், காபி கொடுத்தீர்கள். உங்களில் கண்ணாடி போட்ட பெண், "ஆயா, எத்தினி வண்டிக்கு நீ மாலை போட்டிருப்ப! இன்னிக்கு உன் வண்டிக்கு நாங்க போடறோம். சந்தோஷமா இருக்குதா?" என்று கேட்டது. காபி சூடாக இருக்கிறது என்று சொல்லி நான் கீழே குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது அதே பெண் பானெட்டைக் காட்டி என் மருமகளிடம், "அக்கா, மூணு நாளைக்கு இந்தப் பொட்டைக் கழுவிடாதீங்க. அது சாஸ்திரம்" என்றது. நான் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கும் அந்த சாஸ்திரத்துக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் நாலாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி எழுத ஒரு வாரம் ஆயிற்று. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன். திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்துக்கு நான் வந்தபோது டெலிவரிக்கு என்று தனியாக ஆள் கிடையாது. என்னைத் தரை துடைக்கத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் சேல்ஸ் பையன் ஒருவன் மாலையைத் தலைகீழாகப் போட்டுவிட்டான். எலுமிச்சம்பழத்தை மூன்று சக்கரத்துக்கு மட்டும் வைத்துவிட்டு நாலாவதை மறந்துவிட்டான். வாங்க வந்த வீட்டுக்காரர்கள் முகம் சுருங்கிப் போயிற்று. நான் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். அன்றிலிருந்து அது என் இடம். வண்டியைத் துடைப்பது, ரிப்பன் கட்டுவது, பட்டுத்துணி போர்த்துவது, சந்தனம் குங்குமம் வைப்பது, மாலை, ஆரத்தி, அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் போட்டோவுக்கு நிற்க வைப்பது எல்லாம் நான். மேனேஜரே என்னைக் கேட்டுத்தான் நேரம் குறிப்பார்.

என் கை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பெருமைக்குத்தான் சொல்கிறேன், ஆனால் பொய் இல்லை. தினம் துடைத்துத் துடைத்து, வண்டி மேல் உள்ளங்கையை ஓட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். கம்பெனி பெயிண்ட் ஒரு மாதிரி வழுக்கும். அடிபட்ட பள்ளத்தில் பட்டி மாவு வைத்து, தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடித்த இடம் வேறு மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் தெரியாது. கைக்குத் தெரியும். பின்னால் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்டர்கள் பந்தயம் கட்டி என்னைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வார்கள். ஒரு தடவைகூட நான் தோற்றதில்லை.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். சந்தோஷமா என்று அது கேட்டது; எங்களுக்கு இது இரண்டாவது கார். ஒருத்தர் மறுபடி மறுபடி கார் வாங்கினால் அதே சந்தோஷம் இருக்குமா?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். முதல் கார் வாங்குகிறவர்கள் வண்டியை எடுக்க வருவதே ஒரு கூட்டமாகத்தான் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கார் என்றால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் மட்டும். பழைய வண்டியில் இது இருந்தது, இதில் இல்லையே என்று கணக்குப் பார்ப்பார்கள். மூன்றாவதுக்கு வருகிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர் நாலாவது கார் எடுக்க வந்தார். அவர் வீட்டம்மா பழைய காரை விட்டு இறங்கவே இல்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஆரத்தித் தட்டோடு போய்க் கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கி, "அவருக்கே காட்டும்மா, எனக்கு முட்டி வலி" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார்.

ஆக, வாங்க வாங்க சந்தோஷம் குறையும் என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். மனுஷர் குணம் அது, நம் மேல் குற்றம் இல்லை என்று. அஞ்சலை இரண்டாவது கார் எடுக்க வரும் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அஞ்சலை காலாப்பட்டுப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி. மீன் விற்கிறவள். புருஷன் கடலுக்குப் போகிறவன். அவர்கள் முதல் கார் எடுத்த காலையில் நான் எப்போதும் போல ஏழரைக்கு வந்து வண்டியைத் துடைத்தேன். வெள்ளை வண்டி. பானெட்டின் இடது ஓரத்தில் என் கை நின்றுவிட்டது. திரும்ப ஓட்டினேன். ஒரு சாண் அகலத்துக்குப் பட்டி.

நேரே மேனேஜரிடம் போனேன்.

"சார், அந்த வெள்ளை வண்டி அடி வாங்கினது."

அவர் கதவைச் சாத்தினார். "யார்டுல எடுக்கும்போது நம்ம பையன் தூண்ல இடிச்சுட்டான்க்கா. சின்ன டென்ட். நல்லா ரெடி பண்ணியாச்சு. உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது."

"இன்னிக்கு இன்னொரு வெள்ளை வண்டியும் போவுதே. அந்த கான்ட்ராக்டருக்கு இதைக் குடுக்க வேண்டிதுதானே."

"அவருக்கு இது மூணாவது வண்டிக்கா. செல்லுல டார்ச் அடிச்சு ஒவ்வொரு இஞ்சா பாப்பாரு. இவங்களுக்கு முதல் வண்டி." அவர் சிரித்தார். "சந்தோஷத்துல இருக்கறவங்க வண்டியைப் பாக்க மாட்டாங்க."

இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவில்லை.

பிறகு அவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்: "பொட்டை அந்த இடத்துல பெருசா வெச்சுடுங்க. மாலையைக் கொஞ்சம் இடது பக்கம் இறக்கிப் போடுங்க. அப்புறம் ஒண்ணு, ஒரு மூணு நாளைக்குக் கழுவ வேணாம்னு சொல்லிடுங்க. பெயிண்ட் இன்னும் நல்லா காயல. நாங்க சொன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க. உங்க வாயால வந்தா அது சாமி வாக்கு மாதிரிக்கா."

வேலை போய்விடும் என்று பயந்து ஒத்துக்கொண்டேன் என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். அது பொய். அவர் என்னை மிரட்டவே இல்லை. என் வாயால் வந்தால் சாமி வாக்கு என்றாரே, அதற்குத்தான் விழுந்தேன். தரை துடைக்க வந்தவளை ஒரு மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு அப்படிக் கேட்கிறார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு வந்தார்கள். பதினோரு பேர், ஒரே ஷேர் ஆட்டோவில். அஞ்சலையின் மாமியார், நாத்தனார், பிள்ளைகள், பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வரைக்கும். பட்டுத்துணியை இழுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். அஞ்சலை மட்டும் தட்டவில்லை. வலது கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். புடவைத் தலைப்பில் நன்றாகத் துடைத்தாள். மறுபடி மோந்து பார்த்தாள். பிறகும் தொடாமல் நின்றாள்.

"தொடும்மா. உன் வண்டி" என்றேன்.

"வாசனை ஒட்டிக்கிச்சின்னா?" என்றாள்.

"ஒட்டினா ஒட்டட்டுமே."

அவள் சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாது. பஸ்ஸுல கூடை இல்லாமப் போனாக்கூட பக்கத்துல உக்காந்ததுங்க எழுந்து போயிடும். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கினு போனாலும் அப்படித்தான். இனிமே யாரும் எழுந்து போவ முடியாது. எங்க வண்டி, நாங்க மட்டும்தான்."

அவள் புருஷன், "இவ வாசனைக்கு நாங்கதான் இறங்கி ஓடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் ஒரு விரலால் கதவைத் தொட்டாள். அவ்வளவுதான். பானெட் பக்கம் அவள் வரவே இல்லை. அங்கே பொட்டும் மாலையும் இருந்ததால் அது சாமி இடம் என்று நினைத்துத் தள்ளியே நின்று கும்பிட்டாள். நான் அவள் கிட்டப் போய், "மூணு நாளைக்கு இந்தப் பொட்டைக் கழுவிடாதம்மா. அது சாஸ்திரம்" என்றேன்.

அது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. காலை எட்டு மணிக்கு ஒரு மேனேஜர் ரூமில் பிறந்தது.

நான் அப்படிச் சொன்னபோது அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நல்ல மனசோட சொல்றீங்க. அப்படியே செய்யறேன்" என்றாள். அவள் பிடித்தது எதையும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடுகிற என் கையை.

பத்து மாதம் கழித்து அஞ்சலை தனியாக வந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கட்டியிருந்த புடவை பாதி நனைந்திருந்தது. ஏதோ ஸ்கூட்டர் உரசிவிட்டதாம். நெல்லித்தோப்பில் ஒரு டிங்கர் கடையில் வண்டியை விட்டிருக்கிறாள். அவர் சுரண்டிப் பார்த்துவிட்டு, "இது ஏற்கெனவே பட்டி பாத்த வண்டியாச்சே, செகண்ட்ஸா எடுத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

மேனேஜர் நிதானமாகப் பேசினார். டெலிவரி அன்றைக்குப் பார்த்து, திருப்தி என்று கையெழுத்துப் போட்டுத்தானே எடுத்தீர்கள் என்றார்.

"எங்க பாத்தேன்? அங்கதான் பொட்டு இருந்திச்சே. இந்தம்மா மூணு நாள் கழுவாதன்னாங்க. நான் பதினைஞ்சு நாள் கழுவல சார். ரெண்டாம் நாள் மழை வந்திச்சின்னு கூடை மூடற பாலிதீனைப் போட்டு அந்தப் பொட்டைப் பொத்தி வெச்சேன். ஊர்ல எல்லாரும் சிரிச்சாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். மேனேஜரை விட்டுவிட்டாள். அவர் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைத்தான் கேட்க வந்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க."

ஒர்க்‌ஷாப் பெயிண்டர் இரண்டு பேர் கதவோரம் நின்றிருந்தார்கள். பந்தயம் கட்டி என்னைத் தொடச் சொன்னவர்கள். தெரியும் என்று நான் சொன்னால் அவள் வெறும் கையோடு போயிருக்க மாட்டாள். கம்பெனிக்கு எழுதிப் போட்டு வேறு வண்டிகூடக் கேட்டிருக்கலாம். அவளுக்கு அன்று வேண்டியிருந்தது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று மேனேஜரே சொல்லியிருந்தார் அல்லவா?

"எனக்கு வண்டியைப் பத்தி என்னாம்மா தெரியும்? நான் தொடைக்கறவ" என்றேன்.

என் வாழ்நாளில் நான் என்னைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டது அந்த ஒரு தடவைதான். பணிவால் சொல்லவில்லை, தப்பித்துக்கொள்ளச் சொன்னேன். பெயிண்டர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் என்னைப் பந்தயத்துக்குக் கூப்பிடவில்லை.

அஞ்சலை என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள். மேனேஜர் இலவசமாக பாலிஷ் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவள் காதில் வாங்காமல் போய்விட்டாள்.

நான் அங்கேதான் இருந்தேன், பொண்ணுங்களா. மறுநாளும் மாலை போட்டேன். அந்த மேனேஜர் மாற்றலாகிப் போனார், வேறு ஒருவர் வந்தார். உங்களுக்கு முன்னால் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். அந்த மூன்று நாள் பேச்சை நான் அதற்கப்புறம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் தட்டு பிடித்துக்கொண்டிருந்த பெண் கேட்டுவிட்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவளிடமிருந்து அடுத்தவள் கற்றாள். நான் தடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து அஞ்சலை இரண்டாவது கார் எடுக்க வந்தாள். மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு அந்த மாடல்தான் வேண்டும், டவுனில் அது நம்மிடம் மட்டும்தான் இருந்தது. இல்லாவிட்டால் அஞ்சலை அந்த வாசல் ஏறியிருக்க மாட்டாள். கூட்டம் இல்லை. அவள், மகள், காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள், மூன்றே பேர்.

அன்று விடியற்காலையிலேயே நான் வந்துவிட்டேன். முந்தின நாளே டெலிவரி சீட்டில் பெயரைப் பார்த்து எனக்குத் தெரிந்திருந்தது. அந்த வண்டியை இரண்டு தடவை துடைத்தேன். இஞ்ச் இஞ்ச்சாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கூரை, கதவு, டிக்கி, பம்பர், எல்லாம். ஒரு குறை இல்லை. சாமந்தி மாலை வேண்டாம் என்று என் காசில் மல்லிகையும் ரோஜாவும் கலந்து கட்டி வாங்கி வைத்திருந்தேன்.

பட்டுத்துணியை இழுத்தபோது யாரும் கை தட்டவில்லை. அஞ்சலை, "பொட்டு வேணாம். மாலை வேணாம். துணியால தொடைச்சிட்டு அப்படியே குடுங்க" என்றாள்.

"அம்மா, போட்டோ எடுக்கணும்மா" என்றது மகள்.

"எடு. வெறும் வண்டியோட எடு."

பிறகு அவள் வண்டியைச் சுற்றி வர ஆரம்பித்தாள். உள்ளங்கையை வைத்து, மெதுவாக, விட்டு விட்டு. நான் செய்கிற மாதிரியே. முன்பு மோந்து பார்த்துத் துடைத்துக்கொண்டு ஒரு விரலால் தொட்ட கை அது. இப்போது துடைக்கவும் இல்லை, மோந்து பார்க்கவும் இல்லை. போலீஸ்காரர் பையைத் தடவுகிற மாதிரி தடவினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டப் போய், "அம்மா, நான் காலையிலேயே முழுக்கத் தடவிப் பாத்துட்டேன். இது சுத்தமான வண்டி. என் கை சொன்னா தப்பாது" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"வண்டியைப் பத்தி உனக்கு என்னா தெரியும்? நீ தொடைக்கறவதான?"

அந்தக் காக்கிச் சட்டைக்காரர்தான் நெல்லித்தோப்பு டிங்கர். அவர் ஒரு சுற்று பார்த்துவிட்டு, "நல்ல வண்டிதான்கா" என்றார். அவர் சொன்னதும் நம்பினாள். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள், மார்க்கெட்டில் மீதிச் சில்லறையைப் போடுகிற மாதிரி. மகள் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனாள். அஞ்சலை முன் சீட்டில் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இதைப் பார்க்கிற வெளியாள், பாவம், இரண்டாவது கார் அல்லவா, பழகிப்போய்விட்டது என்று சொல்லுவார். நானும் எத்தனையோ பேரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அந்த கான்ட்ராக்டர் டார்ச் அடித்தாரே, அவருக்கும் முதல் கார் என்று ஒன்று இருந்திருக்கும். அதை யார் எங்கே பொட்டு வைத்துக் கொடுத்தார்களோ, நான் என்ன கண்டேன்?

அந்த மாலையை வேறு வண்டிக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. துடைக்கிற வாளியின் கைப்பிடியில் சாயந்திரம் வரைக்கும் தொங்கிக்கொண்டு கிடந்தது. அடுத்த மாதம் நின்றுவிட்டேன். முட்டி வலி என்று சொன்னேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நாளைக்கும் உங்களுக்கு டெலிவரி இருக்கும். மேனேஜர் எதையாவது சொல்லச் சொன்னால், உன் வாயால் சொன்னால்தான் எடுபடும் என்று அவர் இளித்தால், அங்கே நில்லுங்கள். மிரட்டும்போது நமக்கே எச்சரிக்கை வந்துவிடும். புகழும்போது வராது. பொட்டு வையுங்கள், மாலை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் வாங்க வந்தவர் கையைப் பிடித்து, வண்டியைச் சுற்றி ஒரு தடவை முழுக்கத் தொட வையுங்கள். மீன் வாசனை இருந்தாலும் பரவாயில்லை. மூன்று நாள் கழுவாதீர்கள் என்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். யார் சொன்னது என்று யாராவது கேட்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

போன மாதம் அன்று காரில் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். மகன் பெருமையாக நின்று பேசிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீரும் துணியும் எடுத்து வந்தேன். பானெட்டில் இருந்த பொட்டின் மேல் தண்ணீரை ஊற்றினேன்.

"அத்தை! மூணு நாள் கழுவக்கூடாதுன்னு சொன்னாங்களே!" என்று மருமகள் கத்தினாள்.

"யாரு சொன்னது?"

"அந்த ஷோரூம் பொண்ணு. சாஸ்திரமாம்."

சொம்பில் மீதியிருந்த தண்ணீரையும் ஊற்றினேன். சந்தனம் கரைந்து வழிந்தது. துணியால் துடைத்துவிட்டு உள்ளங்கையை வைத்தேன். வழுவழு என்றுதான் இருந்தது. நம்பிக்கை வரவில்லை. மறுபடி துடைத்தேன், மறுபடி வைத்தேன்.

மகன் பக்கத்தில் வந்து நின்றான். "என்னாம்மா இது? புது வண்டிம்மா. கொஞ்சம்கூட சந்தோஷமே இல்லியா உனக்கு?"

நான் இன்னும் தடவிக்கொண்டிருந்தேன்.